வரவில்லை என்று குறிக்கப்பட்ட பதினொரு பெண்கள்

அனுப்புநர்:
அ. அம்முலு, வயது 16,
த/பெ. அருணாசலம்,
ஏரிக்கரைத் தெரு,
காவாந்தண்டலம் கிராமம்,
உத்திரமேரூர் வழி, செங்கற்பட்டு ஜில்லா.

பெறுநர்:
ஜில்லா சுகாதார அதிகாரி அவர்கள்,
செங்கற்பட்டு ஜில்லா.

பொருள்: உழைக்கும் வயதினர் உடல்நலத் திட்டம் – புழு மருந்து, இரண்டாம் சுற்று – எங்கள் கிராமத்தில் பதினொரு பெண்கள் வரவில்லை என்று எழுதப்பட்டது – அவர்கள் வந்திருந்தார்கள் – குறிப்பைத் திருத்தி, நடவுக்கு முன்பாக மருந்து வழங்கும்படி கேட்டுக்கொள்வது.

பார்வை: 26-6-1962 அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாம், அதன்பின் எங்கள் கிராமத்தைத் திட்டத்திலிருந்து நீக்கி வந்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் திட்டத்தால் எங்கள் தெருவில் நடந்த நல்லதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு குறையைச் சொல்வதுதான் முறை என்று நினைக்கிறேன். குறை சிறியது. அது ஒரு பட்டியலில் இருக்கிறது. நல்லது பெரியது. அது என் வீட்டில் நடமாடுகிறது.

1. என் தாயார் பெயர் தாயாரம்மாள். வயது முப்பத்தாறு. நடவு வரிசையில் முதல் ஆளாக நிற்பவர். அவர் பாட்டெடுத்துக் கையை நகர்த்தினால்தான் மற்றவர்கள் நகர்வார்கள். நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகமும் நகமும் வெளுத்துப்போயின. ஒரு கட்டு நாற்று நட்டு முடிப்பதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். யாருக்கும் தெரியாமல் செங்கல் துண்டைக் கடித்துத் தின்பார். அதை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். ஏன் என்று கேட்டால், "வாய்க்கு நல்லா கீதுடி" என்பார். ஒரு நாள் சேற்றிலேயே மயங்கி விழுந்தார். மறுநாள் அவர் இடத்தில் நான் இறங்கினேன். அப்போது ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அதைப் பற்றி இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை.

2. சென்ற சித்திரையில் தங்கள் முகாம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பதினைந்து வயது முதல் ஐம்பது வயது வரை, உழைத்துச் சாப்பிடுகிற எல்லோருக்கும் என்று தண்டோரா போட்டார்கள். இதற்குமுன் குழந்தைகளுக்கு அம்மை குத்த வந்திருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. அதனால் முதலில் யாரும் நம்பவில்லை. விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்த பிறகுதான் நம்பினோம். வயலோரத்தில் வெளிக்குப் போவதால் மண்ணில் புழு உண்டாகிறது என்றும், அது வெறும் உள்ளங்கால் வழியாக ஏறிக் குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கிறது என்றும் டாக்டர் ஐயா விளக்கினார். இனிமேல் எல்லோரும் காலில் செருப்புப் போட்டு வேலை செய்ய வேண்டும் என்றார். அதற்கு எங்கள் தெரு சொக்கம்மாள், "சேத்துல செருப்பு போட்டுக்கினு நட்டா, அறுப்புக்குச் செருப்புதான் சாமி மொளைக்கும்" என்றார். டாக்டர் ஐயாவும் சிரித்துவிட்டு, வரப்பில் நடக்கும்போதும் வெளிக்குப் போகும்போதுமாவது போடுங்கள் என்றார். அவர் சொன்னதைக் கேட்டோம். இன்று எங்கள் தெருவில் ஒன்பது ஜோடி செருப்புகள் இருக்கின்றன.

3. முதல் நாள் இரவு வெறும் வயிற்றோடு படுத்து, காலையில் மருந்தை விழுங்கி, பிறகு பேதி உப்புக் கரைத்த தண்ணீரைக் குடித்தோம். அதன்பின் மாலை வரை நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக உள்ளது. பெண்கள் முப்பத்தொரு பேரும் ஒரே கருவேலங்காட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து, வயிற்று வலி மருந்தால் வந்ததா சிரிப்பால் வந்ததா என்று தெரியாமல் போனது. சாயங்காலம் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். ஒரு மாதத்துக்கு இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள்.

4. மாத்திரை தொடங்கிப் பதினைந்தாம் நாள் என் தாயார் என்னைத் திட்டினார். விறகை நனையவிட்டேன் என்று திட்டினார். வாசலில் நின்று, மூச்சு வாங்காமல், கிணற்றடி வரை கேட்கும்படி திட்டினார். என் தகப்பனார் ஏர் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று கேட்டார். அவர் திட்டி நான்கு வருடம் ஆகிறது என்று நாங்கள் இருவரும் அப்போதுதான் உணர்ந்தோம். என் தகப்பனார், "இன்னும் கொஞ்சம் திட்டு தாயாரு, கேக்கறதுக்கு நல்லா கீது" என்றார். அதற்கு அவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. மாதக் கடைசியில் செங்கல் துண்டைத் தாமே சாக்கடையில் எறிந்தார். வைகாசியில் கடலைக் கொல்லைக் களையெடுப்பில் எனக்கு முன்னால் போய்விட்டார். எங்கள் தெருவில் இப்படிப் பல வீடுகள். மத்தியானம் படுத்தவர்கள் படுக்காமல் வேலைக்கு வந்தார்கள். திண்ணை ஏற மூச்சு வாங்கிய ஒருவர் ஏரிக்கரை மேல் தண்ணீர்க் குடத்தோடு ஏறினார். இவ்வளவையும் ஐயா அவர்கள் அறிய வேண்டும். காகிதத்தில் இதற்குக் கட்டம் இருந்திருக்காது.

5. இனி குறை. சித்திரை முகாமில் பட்டியல் எழுதியவர் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார். இரத்தம் எடுக்கும்போது கூட்டம் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார். அது நல்ல எண்ணம்தான். தாளில் பெயர், வயது, கணவர் பெயர் என்று கட்டங்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். எந்தக் கணக்கெடுப்பிலும் பக்கத்தில் நிற்கிற பெண் சொல்லிவிடுவாள், அல்லது கூட வந்த பிள்ளை சொல்லிவிடும். சாத்திய கதவுக்குள் பக்கத்தில் யாரும் இல்லை. விவரம் தெரிந்த பிள்ளையோடு போனவர்களுக்குப் பிள்ளை சொல்லியது. கல்யாணமாகாத என்னைப் போன்றவர்கள் தகப்பன் பெயர் சொன்னோம். மீதிப் பதினொரு பேர் என்ன செய்தார்கள் என்பதை அவரவர் வாயாலேயே கேட்டு எழுதுகிறேன்.

சிட்டம்மாள், "நம்ம ஊரு எல்லைல கத்தி வெச்சிக்கினு குந்திக்கினு கீறாரே, அந்த சாமி பேரு" என்றாராம். எழுதியவர் தெற்குச் சீமைக்காரர். அவர் ஊர் எல்லையில் இருக்கிற சாமியை நினைத்து அய்யனார் என்று எழுதினார். சிட்டம்மாளின் கணவர் பெயர் முனியன்.

சொக்கம்மாள், "வில்லு எடுத்துக்கினு காட்டுக்குப் போனவரு" என்றார். அர்ச்சுனன் என்று எழுதப்பட்டது. அவர் கணவர் பெயர் ராஜாராம்.

என் தாயார் ஒன்றுமே சொல்லவில்லை. எழுதியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்திருக்கிறார். என் தாயாரை மாட்டு வண்டியில் ஏற்றிவந்தவர் அங்கே நின்றிருந்தார். அவர் பெயரைக் கேட்டு, அதையே கணவர் கட்டத்தில் எழுதிவிட்டார். அவர் பெயர் அண்ணாமலை. அவர் என் தகப்பனாரின் மூத்த தமையன், எனக்குப் பெரியப்பா.

என் அத்தை பாஞ்சாலி தலையைக் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எழுதியவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் அவர் நெற்றியில் பொட்டுத் தெரிந்திருக்கும். அன்று எழுபது பேருக்குமேல் எழுத வேண்டியிருந்தது. நிமிர அவருக்கு நேரமில்லை. துக்கத்தால் பேசவில்லை என்று எண்ணி, விதவை என்று எழுதினார். என் மாமா அப்போது பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

மற்ற ஏழு பேர் விவரமும் இப்படித்தான். தனித் தாளில் இணைத்துள்ளேன். ஆண்கள் பட்டியலில் ஒரு தவறும் இல்லை. அதில் மனைவி பெயர் கேட்கும் கட்டமே இல்லை.

6. ஆனி மாதம் இரண்டாம் சுற்றுக்கு வேறொரு ஐயா வந்தார். விடியற்காலையிலேயே முப்பத்தொரு பெண்களும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூட முற்றத்தில் போய் உட்கார்ந்தோம். ஊர் ஆண்களும் இருந்தார்கள். வந்த ஐயா, கூப்பிட்டவர் மட்டும் எழுந்து வர வேண்டும், மற்றவர்கள் பேசக்கூடாது என்றார். பிறகு உரக்கப் படித்தார். "அர்ச்சுனன் மனைவி சொக்கம்மாள்." சொக்கம்மாள் சுற்றிப் பார்த்து, "அது யாருடி நம்மூர்ல அர்ச்சுனன் பொண்டாட்டி? நான் பாத்ததே இல்லியே" என்று என் காதில் கேட்டார். பக்கத்து ஊர்க்காரி யாரோ என்றே நாங்கள் நினைத்தோம். "அய்யனார் மனைவி சிட்டம்மாள்" என்றபோதும் அப்படியே.

அதன்பின், "அண்ணாமலை மனைவி தாயாரம்மாள்" என்று படித்தார். என் பெரியப்பா எதிரிலேயே நின்றிருந்தார். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டார். என் தாயார் தரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயருக்கு எழுந்து நின்றால், ஊர் நடுவில் மூத்தாரின் மனைவி என்று தாமே ஒப்புக்கொண்டதாகும். இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் அவர் எழவில்லை.

"விதவை பாஞ்சாலி" என்று படித்ததும் கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. என் மாமா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாடி பாஞ்சால, நான் எப்போ செத்தேன்? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். என் அத்தை அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். அந்த வார்த்தைக்கு அவர் எப்படி எழுவார்? படித்த ஐயாவுக்கு ஜீப்புப் புறப்படும் அவசரம். சத்தம் போட வேண்டாம் என்று அடக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். முடிவில் எங்கள் பெண்கள் மருந்து கேட்டபோது, பெயர் படித்தாகிவிட்டது, வராதவர் வராதவர்தான் என்றார். பதினொரு பேர் வெறும் வயிற்றோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

7. இந்த இடத்தில் என் தவறையும் எழுத வேண்டும். "அண்ணாமலை மனைவி" என்று படித்தபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் முன்வரிசையில், படித்த ஐயாவுக்கு நான்கு அடி தூரத்தில் இருந்தேன். எழுந்து, இது தப்பாக எழுதியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். எழுந்திருக்கவில்லை. எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். அன்றும் மனதுக்குள் நான்கு முறை சொன்னேன், வாய்க்கு வரவில்லை.

8. ஆடி மாதம் கிராம சேவக் சைக்கிளில் வந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். பெண்கள் முப்பத்தொரு பேரில் பதினொருவர் வராததால், மூன்றில் ஒரு பங்குக்குமேல் அக்கறையில்லாத கிராமம் என்று எங்கள் ஊர் நீக்கப்பட்டதாக அதில் இருந்தது. கூடவே பட்டியலின் நகலும் இருந்தது. படிக்கத் தெரிந்தவள் என்று என்னிடம் கொடுத்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொன்றுக்குப் பதில் பத்துப் பேர் என்று இருந்திருந்தால் ஊர் நீங்கியிருக்காது. ஒரே ஒருவர் எழுந்திருந்தால் போதும். அல்லது நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

மாத்திரை தீர்ந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. புழு ஒரே மருந்தில் முழுதும் போகாது, இரண்டாம் முறையும் கொடுத்தால்தான் வேர் அறும் என்று டாக்டர் ஐயா முதலிலேயே சொல்லியிருந்தார். சென்ற வாரம் என் தாயார் களையெடுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தார். புதன்கிழமை துணி துவைக்கும்போது அவர் முந்தானை முடிச்சில் மறுபடி ஒரு செங்கல் துண்டு இருந்தது. நான் அதைக் கண்டதாக அவரிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே இந்த மனுவுக்குத் தாள் வாங்கிவந்தேன்.

9. களையெடுப்பில் இந்தப் பட்டியலைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். தங்கள் தங்கள் புருஷன் யார் என்று கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் அந்த வேளை வேலையே ஓடவில்லை. சிட்டம்மாள், "குதிர மேல போறவருக்கு என்னைக் கட்டிக் குடுத்துட்டாங்கடி, என் ஆளு ஒரு கழுதகூட வாங்கல" என்றார். பிறகு சொக்கம்மாள் என்னைப் பார்த்து, "எழுதுடி அம்முலு. வாயத் தொறக்க மாட்டே, கையாவது தொறக்குதா பாப்போம்" என்றார். எழுதினால் மட்டும் போதாது என்று எனக்கே தோன்றியது. அடுத்த முகாமில் யாராவது பக்கத்தில் நின்று பெயர்களைச் சொல்ல வேண்டும். இந்தப் பதினொரு வீடும் ஒன்றுக்கொன்று உறவு; கட்டிக்கொடுத்த பெண்கள் மாமனார், மூத்தார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி சொல்லக்கூடிய பெயரை இன்னொருத்தி சொல்லக்கூடாது. பதினொரு பெயரையும் சொல்லக்கூடியவள் தெருவில் நான் ஒருத்திதான். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பாஞ்சாலி அத்தையின் மகனுக்கு என்னை நிச்சயம் செய்திருக்கிறார்கள். தை மாதம் முகூர்த்தம். ஆகவே மாமாவின் பெயரை நான் சொல்லலாமா என்று அத்தையிடமே கேட்டேன். "தாலி ஏறற வரிக்கும் நீ எங்க அண்ணன் பொண்ணுதான். தைரியமா கத்து. என்னை மறுபடி தாலி அறுத்தவள்னு யாராச்சும் படிச்சா, உன்னத்தான் கேப்பேன்" என்றார். அனுமதி கிடைத்தது. அவர் பெயர் கன்னியப்பன். அவர் உயிருடனும் நல்ல பசியுடனும் இருக்கிறார்.

நேற்றுக் காலை ஏரிக்கரை மேல் ஏறி நின்று, பதினொரு பெயரையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு எனக்கே கேட்கவில்லை. மூன்றாவதிலிருந்து சத்தம் வந்தது. கீழே வயலில் இருந்த ஆண்கள் கரை உடைந்துவிட்டதோ என்று மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும், வந்ததற்கு இன்னொரு முறை கூப்பிடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள். என் தாயார் கரைக்குக் கீழே நின்று, "இவ்ளோ நாளா இந்தத் தொண்டைய எங்கடி வெச்சிக்கினு இருந்தே?" என்றார்.

10. ஆகவே ஐயா அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது:

(அ) அந்தப் பதினொரு பெயருக்கும் எதிரில் உள்ள "வரவில்லை" என்பதை "வந்திருந்தார்" என்று திருத்த வேண்டும். அவர்கள் கைநாட்டும், அவர்களை அன்று நேரில் பார்த்த மற்ற இருபது பெண்களின் கைநாட்டும் இணைத்துள்ளேன். என்னுடையது மட்டும் கையெழுத்து.

(ஆ) எங்கள் ஊரைத் திட்டத்தில் மறுபடி சேர்த்து, புரட்டாசி முதல் வாரம் நடவு தொடங்குமுன் இரண்டாம் சுற்று மருந்தும் மாத்திரையும் அந்தப் பதினொருவருக்கு வழங்க வேண்டும். நடவு தொடங்கினால் ஒரு மாதம் சேற்றை விட்டு ஒருவரும் கரையேற முடியாது. என் தாயார் இந்த நடவிலும் முதல் ஆளாக நிற்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். சொன்னால் கேட்க மாட்டார். அவர் நிற்கும்போது உடம்பில் இரத்தம் இருக்க வேண்டும் என்பதே இந்த மனுவில் எனக்காக நான் கேட்பது.

(இ) மற்ற கிராமங்களிலும் இதே தவறு நடந்திருக்கலாம். அங்கே வராதவர்கள் என்று எழுதப்பட்டவர்களும் முற்றத்தில் உட்கார்ந்திருந்திருக்கலாம். ஆகவே பெண்களை அவரவர் பெயராலும் தெருவாலும் மட்டும் கூப்பிட உத்தரவிடலாம். கணவர் பெயர் அவசியம் என்றால், எழுதும்போது கதவைத் திறந்துவைத்தால் போதும். பக்கத்தில் இருப்பவள் சொல்லிவிடுவாள்.

பட்டியல் எழுதிய ஐயா மீதும் படித்த ஐயா மீதும் எந்த நடவடிக்கையும் வேண்டாம். முதலாமவர் அன்று மாலை தம் பங்குக் கஞ்சியைச் சிட்டம்மாளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினியாகப் பஸ் ஏறினார். அதை எங்கள் ஊர் மறக்கவில்லை.

முகாம் எந்த நாள் என்று ஒரு கார்டு போட்டால் போதும். நான் பள்ளிக்கூட வாசற்படியில் நிற்பேன். எழுதுபவர் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அவள் கணவர் பெயரை, எத்தனை பேர் எதிரில் ஆனாலும், உரக்கச் சொல்வேன்.

நாள்: 20-8-1962 (சுபகிருது ஆண்டு, ஆவணி 4)
இடம்: காவாந்தண்டலம்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அ. அம்முலு

இணைப்பு:
1. பதினொரு பெண்களின் சரியான விவரம், ஒரு தாள்.
2. முப்பது பெண்களின் கைநாட்டு, இரண்டு தாள்கள். (இரண்டாம் தாளின் ஓரத்தில் உள்ள மை என் மாமா கன்னியப்பனின் கட்டைவிரல். பெண்கள் தாளில் அவருக்கு இடமில்லை என்று சொல்லியும், தாம் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று வைத்துவிட்டார்.)